கூடிப்போன பனி உருண்டைகள்

பொம்மையம்மா: கதவை எதுக்கு உள்பக்கம் பூட்டி வச்சிருக்கீங்கண்ணே? எவ்வளவு நேரமாத் தட்டறேன்!

கேமராக்காரர்: கேக்கலைம்மா. கீழ போடற கிறிஸ்துமஸ் பாட்டு சுவரைத் துளைச்சுக்கிட்டு வருது. காலையிலேருந்து ஒரே மணிச் சத்தம்...

பொம்மையம்மா: கை வலிக்கத் தட்டினேன்.

கேமராக்காரர்: எனக்குக் கண்ணுக்குத்தான் சம்பளம், காதுக்கு இல்லை. உட்காருங்க. ஆமா, விற்பனை ஆரம்பிச்ச முதல் நாள். எள் போட்டா எள் விழாத கூட்டம். பொம்மை மாடிக்கே நீங்கதான் மேற்பார்வை. மாடியை அப்படியே விட்டுட்டு இங்க எங்க?

பொம்மையம்மா: ஒரு விஷயம்... சொன்னா சிரிப்பீங்க.

கேமராக்காரர்: சிரிச்சு ரொம்ப நாளாச்சு. சொல்லுங்க.

பொம்மையம்மா: என் மாடியில பொருள் கூடியிருக்கு.

கேமராக்காரர்: குறைஞ்சிருக்கா?

பொம்மையம்மா: கூடியிருக்குன்னு சொல்றேன். குறைஞ்சா திருட்டுன்னு சொல்லிடலாம். கூடினா அதுக்கு என்ன பேரு?

கேமராக்காரர்: வரவுன்னு பேரு. சந்தோஷப்படுங்க. இதுக்கா நாலு மாடி ஏறி வந்தீங்க?

பொம்மையம்மா: விளையாடாதீங்க. அந்தப் பனி உருண்டை தெரியும்ல? கண்ணாடி உருண்டை, உள்ள ஒரு குட்டி வீடு, குலுக்கினா பனி கொட்டுமே...

கேமராக்காரர்: ம்.

பொம்மையம்மா: இந்த வருஷம் வந்தது எல்லாமே நீல அடிக்கட்டை. நானே பிரிச்சு அடுக்கினேன். இப்பப் போய்ப் பார்த்தா நீலத்துக்கு நடுவுல மூணு சிவப்பு.

கேமராக்காரர்: கலந்து வந்திருக்கும்.

பொம்மையம்மா: எப்படிக் கலக்கும்? சிவப்பைப் போன வருஷத்தோட நிறுத்திட்டாங்க. போன வருஷம் இதே முதல் நாள், இதே கூட்டத்துல, ஆறு சிவப்பு காணாமப் போச்சு. ஞாபகம் இருக்குல்ல?

கேமராக்காரர்: ...இருக்கு.

பொம்மையம்மா: அந்த ஆறுல மூணு இன்னிக்குத் தன்னால நடந்து வந்து தட்டுல ஏறி உட்கார்ந்திருக்கு.

கேமராக்காரர்: ஒரு நிமிஷம், வாக்கி டாக்கி கத்துது, வாசல் காவல்லேருந்து. சொல்லு மீசை.

மீசை: அண்ணே, வாசல் கண்ணாடிக் கதவு தாங்காதுபோல. இன்னும் நூறு பேரு வெளியே நிக்கறாங்க. ஒருத்தர் என் தொப்பி விற்பனைக்கான்னு கேக்கறார்.

கேமராக்காரர்: குடுத்துடாதே. இருபது பேர் வெளியே போனா இருபது பேரை உள்ள விடு. அதுக்கு மேல ஒருத்தரும் கூடாது.

மீசை: அவங்க என்னையும் சேர்த்து உள்ள தள்ளிடுவாங்க போலிருக்கு. சரி, பார்க்கறேன்.

பொம்மையம்மா: அண்ணே, என் மாடித் திரை எது?

கேமராக்காரர்: அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. இதோ, கீழ் வரிசை.

பொம்மையம்மா: யம்மாடி... தலையாத் தெரியுது. தரையே தெரியலை.

கேமராக்காரர்: காலையிலேருந்து இதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். அங்க பாருங்க, ஒரே கரடிக்கு ரெண்டு பேர். ஒருத்தர் கை, ஒருத்தர் கால். கரடி பாவம்.

பொம்மையம்மா: கரடி கிடக்கட்டும். பனி உருண்டை அடுக்கு எந்தத் திரை?

கேமராக்காரர்: அது... ஏழு.

பொம்மையம்மா: ஏழுல எஸ்கலேட்டர் கைப்பிடிதானே தெரியுது? கூரையும் பாதி தெரியுது.

கேமராக்காரர்: அது கொஞ்சம் கோளாறு. கேமரா கழுத்து திரும்ப மாட்டேங்குது. ஆள் வரச் சொல்லியிருக்கேன். இன்னிக்கு முதல் நாள், எவன் வருவான்?

பொம்மையம்மா: காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி நான் கீழேருந்து பார்த்தப்ப அது அடுக்கைத்தானே பார்த்துக்கிட்டிருந்துச்சு?

கேமராக்காரர்: அதுக்கப்புறம் கெட்டுப் போச்சு.

பொம்மையம்மா: சரியா அந்த நேரத்துக்குக் கெட்டுப் போச்சு.

கேமராக்காரர்: எந்த நேரத்துக்கு?

பொம்மையம்மா: ஒண்ணுமில்லை.

கேமராக்காரர்: இங்க பாருங்க, உங்களுக்கு ஆள்தானே வேணும்? அஞ்சாம் திரை. பெரிய கோட்டு போட்ட அந்த ஆள். வயிறு எப்படி வீங்கியிருக்கு பாருங்க. அதுக்குள்ள ஏதோ அசையுது.

பொம்மையம்மா: ஐயோ... ஆமா, அசையுது. கோட்டைத் திறக்கறார்... அட, குழந்தைண்ணே! தூங்கற கைக்குழந்தையைக் கோட்டுக்குள்ள வச்சு மூடியிருக்கார், இடிபடாம.

கேமராக்காரர்: சரி, அவர் இல்லை. ஆறாம் திரையில தள்ளுவண்டியோட ஒரு அம்மா. குழந்தை வண்டி, ஆனா உள்ள குழந்தையே இல்லை. மூட்டையா இருக்கு.

பொம்மையம்மா: அதுல எல்லாத்துக்கும் பில்லு ஒட்டியிருக்கு, இங்கேருந்தே தெரியுது. நீங்க என்னண்ணே, நான் பொருள் கூடிப் போச்சுன்னு சொல்றேன், நீங்க எடுக்கறவங்களாக் காட்டறீங்க?

கேமராக்காரர்: பழக்க தோஷம்.

பொம்மையம்மா: பழக்க தோஷமா, பேச்சை மாத்தறீங்களா?

கேமராக்காரர்: நான் எதுக்கும்மா மாத்தணும்? நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. மூணு பொருள் அதிகமாயிடுச்சுன்னு யாராவது இவ்வளவு பதறுவாங்களா? வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு.

பொம்மையம்மா: படியேறி வந்தேன்.

கேமராக்காரர்: லிஃப்ட் ஓடுதே?

பொம்மையம்மா: கூட்டம்! ...அண்ணே, போன வருஷப் பதிவு இருக்கா?

கேமராக்காரர்: எது?

பொம்மையம்மா: போன வருஷம், இதே நாள். என் மாடியில எடுத்த பதிவு.

கேமராக்காரர்: தொண்ணூறு நாள்தான் தாங்கும். அதுக்கப்புறம் தானா அழிஞ்சிடும்.

பொம்மையம்மா: முழுசாவா? எங்கேயும் ஒரு நகல்கூட...?

கேமராக்காரர்: ஒரு நகல்கூட இல்லை.

பொம்மையம்மா: நல்லது.

கேமராக்காரர்: என்ன நல்லது?

பொம்மையம்மா: நல்லதில்லைன்னு சொல்ல வந்தேன். இருந்திருந்தா ஆளைப் பிடிச்சிருக்கலாம்ல.

கேமராக்காரர்: ஆளைத்தான் அப்பவே பிடிச்சாச்சே. குருவியை வேலையை விட்டு அனுப்பியாச்சு. கடையைப் பொறுத்தவரைக்கும் அந்த விஷயம் அன்னிக்கே முடிஞ்சது.

பொம்மையம்மா: ம்... குருவி.

கேமராக்காரர்: பதினோரு வருஷம் உங்க பக்கத்துக் கவுன்ட்டர்ல நின்னவ. வாய் மூடமாட்டா, கீச்சு கீச்சுன்னு. அவ பேசியே விக்காத பொம்மையையும் வித்துடுவா.

பொம்மையம்மா: நான் இல்லைன்னு சொல்லலையே.

கேமராக்காரர்: அந்த மேற்பார்வை நாற்காலி அவளுக்குத்தான்னு கடை முழுக்கப் பேச்சு அடிபட்டுச்சு. அவ போயிட்டா. நாற்காலி உங்களுக்கு வந்துச்சு.

பொம்மையம்மா: என்ன சொல்ல வரீங்க?

கேமராக்காரர்: நடந்ததைச் சொல்றேன். நீங்க ஏழாம் நம்பரைப் பத்திச் சொன்ன மாதிரிதான்.

பொம்மையம்மா: அப்ப நானும் ஒண்ணு கேக்கறேன். போன வருஷமும் மேலாளர் பதிவைப் போட்டுப் பார்க்கணும்னு சொன்னப்ப, ஏழாம் நம்பர் வேலை செய்யலைன்னுதான் சொன்னீங்க. வருஷத்துக்கு ஒரு நாள், அதுவும் முதல் நாள் பார்த்துக் கெட்டுப் போற கேமராவை நான் பார்த்ததே இல்லை. எழுந்திரிங்க. கேமராவைத் திருப்பற அந்தக் குச்சியைக் குடுங்க, நான் திருப்பிப் பார்க்கறேன்.

கேமராக்காரர்: தொடாதீங்கம்மா! உடைஞ்சிடும்...

பொம்மையம்மா: கழுத்து திரும்பாதுன்னு சொன்னீங்க? வெண்ணெய் மாதிரி திரும்புது!

கேமராக்காரர்: இப்பச் சரியாயிருக்கும்...

பொம்மையம்மா: பேசாதீங்க. இதோ அடுக்கு. நீலம்... நீலம்... ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு! நான் வரும்போது மூணுதான் இருந்துச்சு. யாரோ இப்ப வச்சிருக்காங்க. நீங்க என்கிட்ட கரடிக் கதை சொல்லிக்கிட்டிருந்தப்ப வச்சிருக்காங்க!

கேமராக்காரர்: கூட்டத்துல யாராவது எடுத்துப் பார்த்துட்டு...

பொம்மையம்மா: உஷ்! அந்தக் கழுத்துத்துணி கட்டினவங்க... சாம்பல் நிறம்... திரும்பி வராங்க. பையைத் திறக்கறாங்க. அவங்கதான்! அவங்களேதான்!

கேமராக்காரர்: அவங்களேதான்னா? அவங்களை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

பொம்மையம்மா: பையை... பையைத் திறந்ததைப் பார்த்துச் சொன்னேன்.

கேமராக்காரர்: பையை எல்லாரும்தான் திறக்கறாங்க.

பொம்மையம்மா: அஞ்சாவது! பார்த்தீங்களா, எடுத்து வச்சாச்சு. பனி கொட்டி அடங்கற வரைக்கும் நின்னு பார்க்கறாங்க பாருங்க... யாராவது திருட்டுப் பொருளை இப்படி நிதானமா வைப்பாங்களா? வாக்கியைக் குடுங்க. மீசை! மீசை, கேக்குதா?

மீசை: சொல்லுங்க மேடம். இங்க உயிர் போகுது.

பொம்மையம்மா: சாம்பல் நிறக் கழுத்துத்துணி, ஐம்பது வயசிருக்கும், கையில துணிப்பை. வாசல்ல வந்தா வெளியே விடாதே. ஓரமா உட்கார வச்சு எனக்கு...

கேமராக்காரர்: குடுங்க அதை! மீசை, ஒண்ணும் வேண்டாம். யாரையும் நிறுத்தாதே. தப்பான தகவல்.

மீசை: நிறுத்தணுமா, வேண்டாமா? ரெண்டு பேரும் ஒரே அறையிலதான் இருக்கீங்களா?

கேமராக்காரர்: வேண்டாம்னேன்ல!

பொம்மையம்மா: கையை விடுங்கண்ணே, வலிக்குது.

கேமராக்காரர்: ...மன்னிச்சிடுங்க.

பொம்மையம்மா: எத்தனையோ வருஷமாப் பழகறோம். நீங்க சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் அவங்க?

கேமராக்காரர்: யாரோ.

பொம்மையம்மா: மழுப்பாதீங்க.

கேமராக்காரர்: ...என் வீட்டுக்காரி.

பொம்மையம்மா: யாரு?

கேமராக்காரர்: என் பொண்டாட்டிம்மா. போதுமா? அந்தக் கழுத்துத்துணி போன குளிருக்கு நான் வாங்கிக் குடுத்தது. கூட்டத்துல எனக்கு அவளைக் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம்.

பொம்மையம்மா: அண்ணியா? அவங்க துணி தைக்கறவங்கதானே? அவங்களுக்கு எதுக்கு...

கேமராக்காரர்: எதுக்குன்னு அவளுக்கே தெரியலை. அஞ்சு வருஷம் அவங்கம்மாவைப் படுக்கையில வச்சுப் பார்த்தா. ராத்திரி பகல் கிடையாது, புரட்டிப் போடணும், துடைக்கணும், ஊட்டணும். அவங்க போனதும் வீட்டுல அவ கைக்கு வேலையில்லாமப் போச்சு. கடை கடையாச் சுத்த ஆரம்பிச்சா. நானும், சரி, வெளியே போய்ட்டு வரட்டும்னு விட்டுட்டேன்.

பொம்மையம்மா: எடுக்கறாங்கன்னு எப்பத் தெரியும்?

கேமராக்காரர்: போன வருஷம். இதே நாற்காலியில உட்கார்ந்து, இதே ஏழாம் திரையில பார்த்தேன். ஐயோ, நம்ம ஆளாச்சேன்னு சிரிச்சுக்கிட்டே பெரிசு பண்ணிப் பார்க்கறேன்... பெட்டியைத் திறக்கறா, உருண்டையைப் பைக்குள்ள போடறா, காலிப் பெட்டியை அதே தட்டுல வைக்கறா. ஒண்ணு இல்லை, ஆறு. முகத்துல ஒண்ணுமே இல்லை. கொடியிலேருந்து துணி எடுக்கற மாதிரி எடுத்தா.

பொம்மையம்மா: நீங்க என்ன பண்ணீங்க?

கேமராக்காரர்: கேமராவைக் கூரைக்குத் திருப்பிட்டேன். சாயங்காலம் உட்கார்ந்து, அந்த அரைமணி நேரத்தைப் பதிவுலேருந்தும் எடுத்துட்டேன்.

பொம்மையம்மா: குருவியைக் கூப்பிட்டு விசாரிச்சப்ப?

கேமராக்காரர்: இங்கதான் இருந்தேன். மேலாளர் அறையிலேருந்து அவ அழுதுக்கிட்டே வெளியே வந்ததை மூணாம் திரையில பார்த்தேன். சத்தம் வராதுல்ல இதுல... வாய் மட்டும் அசையுது. நான் இல்லை, நான் இல்லைன்னு. அதைப் பார்த்துக்கிட்டே டீ குடிச்சேன்மா. குடிச்சு முடிச்சேன். திட்டுங்க. காறித் துப்புங்க. ஏதாவது சொல்லுங்க.

பொம்மையம்மா: அண்ணிக்குத் தெரியுமா? குருவிக்கு வேலை போனது?

கேமராக்காரர்: நான் மூச்சு விடலை. வீட்டுல கேட்டேன், எதுக்கு எடுத்தேன்னு. எடுத்தது ஞாபகம் இருக்கு, எதுக்குன்னு தெரியலைன்னு சொன்னா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இப்பப் பரவாயில்லை, வேற எங்கேயும் எடுக்கலை. ஆறும் தையல் மிஷின் டிராயர்ல, பழைய துணிக்கு அடியில கிடந்துச்சு. அப்படியே மறந்துடலாம்னு இருந்தோம்.

பொம்மையம்மா: அப்புறம் எப்படி...

கேமராக்காரர்: போன மாசம் ஒரு பொண்ணு கோட்டு சின்னதாக்கணும்னு எங்க வீட்டுக்கு வந்திருக்கா. இளைச்சுப் போய்ட்டா, பழைய கோட்டு தொளதொளன்னு ஆயிடுச்சாம். இவ அளவெடுத்துக் குண்டூசி குத்தறா, அவ சும்மா இருக்காம பேசிக்கிட்டே இருக்கா. பெரிய கடையில பதினோரு வருஷம் பொம்மை வித்தேங்க்கா, ஆறு கண்ணாடி உருண்டைக்காகத் திருடின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நாலு கடை ஏறி இறங்கினேன், திருடின்னு பேரு எனக்கு முன்னாடியே போய் அங்க நிக்குது. இப்ப சலவைக் கடையில பகல் பூரா இஸ்திரி போடறேன்...

பொம்மையம்மா: குருவியா? குருவியேவா?

கேமராக்காரர்: அது யார் வீடுன்னு அவளுக்குத் தெரியாது. இவ வாயில குண்டூசிங்க. எடுக்கவும் முடியலை, பேசவும் முடியலை. அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். அந்தப் பொண்ணு, என்னக்கா ஊசி குத்திடுச்சா, கண்ணுல தண்ணி வருதுன்னு கேட்டிருக்கா.

பொம்மையம்மா: கடவுளே...

கேமராக்காரர்: நான் வீட்டுக்குப் போனா, ஆறையும் மேஜை மேல வரிசையா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. உங்களுக்குத் தெரியுமான்னு ஒரே கேள்வி. நான் தலையாட்டினேன். ரெண்டு நாள் பச்சைத் தண்ணி குடிக்கலை. என்கூடப் பேசலை. மூணாம் நாள், திருப்பிக் குடுக்கணும்னு சொன்னா. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வச்சேன். முதல் நாள் கூட்டத்துல வா, ஒண்ணொண்ணா வச்சிடு, கேமராவை நான் பார்த்துக்கறேன், பொருள் திரும்பி வந்துடுச்சுன்னா எல்லாம் சரியாயிடும்னு.

பொம்மையம்மா: எப்படிச் சரியாகும்? பொருள் வந்துடும். குருவி?

கேமராக்காரர்: அதைத்தான் அவளும் கேட்டா.

மீசை: அண்ணே! அண்ணே, இருக்கீங்களா?

கேமராக்காரர்: சொல்லு.

மீசை: மேடம் ஒரு ஆளைச் சொன்னாங்களே, சாம்பல் கழுத்துத்துணி... நீங்க நிறுத்தாதேன்னு சொல்லிட்டீங்க. ஆனா அந்தம்மா தானாவே எங்கிட்ட வந்து நிக்கறாங்க.

கேமராக்காரர்: என்னவாம்?

மீசை: மேலாளர் அறை எந்த மாடின்னு கேக்கறாங்க. கையில ஒரு பனி உருண்டை இருக்கு, சிவப்புக் கட்டை. பில்லு எங்கேன்னு கேட்டா, இதைப் பத்தித்தான் அவர்கிட்டப் பேசணும்கறாங்க. என்ன சொல்லட்டும்?

பொம்மையம்மா: மேலாளர் இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. சீக்கிரம்! நாளைக்கு வரச் சொல்லுங்க.

கேமராக்காரர்: என்னம்மா?

பொம்மையம்மா: இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலைண்ணே. அஞ்சு வந்தாச்சு. ஆறாவதை நானே போய் வாங்கி வச்சிடறேன். யாருக்கும் தெரியாது. அண்ணியை டாக்ஸி வச்சு வீட்டுக்கு அனுப்பிடலாம்.

கேமராக்காரர்: இப்பத்தானே அவளை வாசல்ல பிடிச்சு வைன்னு கத்தினீங்க?

பொம்மையம்மா: யாருன்னு தெரியாமக் கத்திட்டேன். உங்க வேலை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இத்தனை வருஷம்... போலீஸ் வரும், அண்ணியை ஏதேதோ கேப்பாங்க. கிளறினா எங்கெங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?

கேமராக்காரர்: எங்க போய் நிக்கும்? என்கிட்டதான் வந்து நிக்கும். உங்களுக்கு என்ன வந்துச்சு?

பொம்மையம்மா: உங்க நல்லதுக்குச் சொல்றேன்.

கேமராக்காரர்: வந்ததுலேருந்து பார்க்கறேன். திருடனைப் பிடிக்க வந்தவங்க மாதிரியே நீங்க இல்லை. பதிவு இருக்கான்னு கேட்டீங்க, இல்லைன்னதும் நல்லதுன்னீங்க. இப்ப வேண்டாம், விட்டுடலாம்கறீங்க...

மீசை: அண்ணே, அந்தம்மாவைச் சுத்திக் கூட்டம் நெருக்குது. உருண்டையை ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. சீக்கிரம் சொல்லுங்க.

கேமராக்காரர்: மீசை... நாலாவது மாடின்னு சொல்லு. நடக்க விடாதே, லிஃப்ட்டுல நீயே ஏத்தி விடு. கூட்டத்துல நசுங்கிடப் போறா. அப்படியே சொல்லு, அவர் வர வரைக்கும் அறை வாசல்லயே இருக்கச் சொன்னார்னு. தனியா உள்ள போக வேண்டாம்.

மீசை: எவர் வர வரைக்கும்?

கேமராக்காரர்: அவளுக்குத் தெரியும்.

பொம்மையம்மா: அண்ணே...

கேமராக்காரர்: கேமராவைத் திருப்பினது நான். பதிவை அழிச்சது நான். அதை அவ சொல்லமாட்டா, எனக்குத் தெரியும். தன் தலையில மட்டும் போட்டுக்குவா. ஒரு வருஷம் அவளைக் காப்பாத்தறேன்னு நினைச்சுக்கிட்டு என்னைத்தான் காப்பாத்திக்கிட்டிருந்தேன்... என் கோட்டை எடுங்க, உங்க பின்னாடி ஆணியில இருக்கு.

பொம்மையம்மா: கொஞ்சம் உட்காருங்க. யோசிச்சு...

கேமராக்காரர்: யோசிச்சா போகமாட்டேன். நீங்க அடுத்த ஆள் வர வரைக்கும் இங்க இருங்க. பயப்படாதீங்க, உங்க பேரை இழுக்கமாட்டேன். மீசைகிட்ட நான் சொல்லிக்கறேன். போன வருஷம் அந்த மாடியில என்ன நடந்துச்சுன்னு பார்த்தது நான் ஒருத்தன்தான்.

பொம்மையம்மா: நீங்க ஒருத்தர்தானா...

கேமராக்காரர்: ஆமா. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிபடலை. காலிப் பெட்டி ஆறையும் என் பொண்டாட்டி தட்டு மேலதான் வச்சா. நான் கண்ணால பார்த்தேன். அதுக்கப்புறம்தான் கேமராவைத் திருப்பினேன். ஆனா மேலாளர் வந்து தேடினப்ப, ஆறு பெட்டியும் குருவி கவுன்ட்டருக்கு அடியில, அவ சாப்பாட்டுப் பைக்குப் பின்னாடி இருந்துச்சு. அதை வச்சுத்தானே திருடின்னாங்க? தட்டுல இருந்த பெட்டிக்குக் கால் முளைச்சா போச்சு? ...சரி, அதை இப்பப் பேசி என்ன. பார்த்தவங்க யாரும் இல்லை. நான் வரேன்மா.

பொம்மையம்மா: நில்லுங்கண்ணே, நானும் வரேன். இல்லை, திரும்பாதீங்க, என் முகத்தைப் பார்க்காம கேளுங்க, இல்லைன்னா என்னால சொல்ல முடியாது. அன்னிக்கு அண்ணி ஆறாவதைப் பைக்குள்ள போட்டப்ப எதிர் வரிசையில நான் நின்னுக்கிட்டிருந்தேன். யாருன்னு தெரியாது. ஓடிப் போய்ப் பிடிக்கத்தான் ரெண்டு அடி எடுத்து வச்சேன். அப்பக் குருவி சாப்பிடப் போயிருந்தா, அவ கவுன்ட்டர் காலியா இருந்துச்சு, மேற்பார்வை நாற்காலி யாருக்குன்னு மறுநாள் மேலாளர் சொல்றதா இருந்தார்... அந்த ஆறு பெட்டியும் காலியா இருந்ததால என் ஒரு கை அணைப்புக்குள்ளயே அடங்கிடுச்சுண்ணே.